தரை ஆடத் தொடங்கியதும் எண்ணத் தொடங்குங்கள்

கேள்வி இது: "பெரிய நிலநடுக்கத்துக்குள் இருப்பது உண்மையில் எப்படி இருக்கும்? நான் ஆறாவது மாடியில் வசிக்கிறேன். ஆடத் தொடங்கியதும் ஓடுவதா, உள்ளேயே இருப்பதா? நின்ற பிறகு முதலில் செய்ய வேண்டியது என்ன?"

நான் கட்டடப் பொறியாளன். இடிந்தவற்றையும் விரிசல் விட்டவற்றையும் பார்ப்பதுதான் வேலை. ஆடிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு முறை. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவிலான நிலநடுக்கம் குலுக்கிய பிறகு, நின்றுகொண்டிருந்த வீடுகளில் எவற்றுக்குள் மக்கள் திரும்பலாம் என்று பார்க்கக் காத்மாண்டு போயிருந்தேன். மே 12, மதியம் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மூன்றாவது மாடியில் ஒரு தூணின் அடியில் பூச்சைத் தட்டி உள்ளே கான்கிரீட் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்தது 7.3.

முதலில் வந்தது சத்தம். பாரம் ஏற்றிய லாரி ஒன்று சுவரை உரசிக்கொண்டு போவதுபோல ஓர் உறுமல். கூடவே தரை அடியிலிருந்து படபடவென்று குத்தியது. ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. இது போதாதா, இதுதான் நிலநடுக்கம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இது கட்டியம் கூறுபவன் மட்டுமே. ராஜா பின்னால் வந்துகொண்டிருக்கிறார். பூமிக்குள் பாறை முறியும்போது இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. அழுத்தி விரியும் முதன்மை அலை நொடிக்கு 6 கிலோமீட்டர் அளவில் ஓடி வருகிறது. பக்கவாட்டில் குலுக்கும் இரண்டாம் அலை நொடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர்தான். மெதுவாக வரும் இந்த இரண்டாவதுதான் கட்டடங்களை முறிக்கிறது. இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் நொடிகளை எட்டால் பெருக்கினால், முறிவு எத்தனை கிலோமீட்டர் தள்ளி நடந்தது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். தொழில் பழக்கத்தில் நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒன்பதில் வந்தது அடுத்தது. அன்றைய மையம் நகரத்திலிருந்து 75, 80 கிலோமீட்டர் கிழக்கே இருந்ததாகப் பிறகு அறிவித்தார்கள்; கணக்கு பெரிதாகத் தவறவில்லை.

அந்த இரண்டாம் அலை வந்தபோதுதான், முறத்தில் புடைக்கப்படும் நெல்லின் நிலைமை எனக்குப் புரிந்தது. தரை ஒரு பக்கம் போகிறது, உடல் இன்னொரு பக்கம் போகிறது, இரண்டும் சந்திக்கும்போது அடி விழுகிறது. பக்கத்தில் மேசை எதுவும் இல்லை. உள்சுவர் ஓரமாகக் குந்தி, தலைக்கவசத்தின் மேல் இரு கைகளையும் கோத்துக்கொண்டேன். என்னுடன் வந்திருந்த இளைஞர் படிக்கட்டை நோக்கி ஓடினார். மூன்றாவது எட்டிலேயே முகம் குப்புற விழுந்தார். முன்பல் ஒன்றில் பாதி போய்விட்டது. அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், கால்பந்து ஆடுகிறவர். இதை வேண்டுமென்றே சொல்கிறேன். "நான் வேகமாக ஓடிவிடுவேன்" என்று சொல்கிறவர்கள் எல்லாரும் ஆடாத தரையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள்.

எண்ணச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டத்தின் உள்ளே இருப்பவருக்கு இது 6 அளவா 8 அளவா, பக்கத்திலா தூரத்திலா, தொடக்கமா முடியப்போகிறதா என்று எதுவுமே தெரியாது. பலமாகக் குலுக்குவதால் பெரியது என்று முடிவுகட்ட முடியாது. காலடியில் நடக்கும் நடுத்தர நிலநடுக்கமும் அப்படித்தான் குலுக்கும். நீளம்தான் பொய் சொல்லாது. பாறைப் பிளவு ஒரு முனையில் தொடங்கி நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் கிழிந்துகொண்டு போகிறது. ஐம்பது கிலோமீட்டர் கிழிய இருபது நொடி ஆகும். அது ஏறக்குறைய 7 அளவு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது, அதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. எண்ணாதவர்களின் நினைவை நம்ப முடியாது. நாற்பது நொடி ஆட்டத்தை ஐந்து நிமிடம் என்று சத்தியம் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணியவருக்கு ஓர் உண்மையான தகவல் கையில் இருக்கும். பீதியில் மனத்துக்குப் பற்றிக்கொள்ள ஒரு கொழுகொம்பும் கிடைக்கும்.

இனி ஓடுவதா, இருப்பதா. ஆறாவது மாடி என்றால் விவாதமே வேண்டாம்: இருங்கள். ஆடும்போது படிக்கட்டில் இருப்பதுதான் மிக மோசம். தளங்கள் ஒன்றுக்கொன்று விலகி ஆடும்போது, அவற்றை இணைக்கும் சாய்வான பலகைபோலப் படிக்கட்டு முறுக்கப்படுகிறது. லிஃப்ட் நினைப்பே வேண்டாம். உறுதியான மேசைக்கடியில் மண்டியிட்டு, தலையையும் கழுத்தையும் மூடி, மேசைக்காலை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மேசையும் நடக்கும், நீங்களும் அதோடு நடக்க வேண்டும். மேசை இல்லையென்றால் ஜன்னலிலிருந்தும் அலமாரியிலிருந்தும் விலகி உள்சுவர் ஓரம். படுக்கையில் இருந்தால் அங்கேயே கவிழ்ந்து தலையணையால் தலையை மூடிக்கொள்ளலாம். வாசற்படியில் நிற்பது மண்வீட்டுக் காலத்து அறிவுரை. இன்றைய கட்டடத்தில் அந்தச் சட்டம் எந்தப் பாதுகாப்பும் தராது, கதவு வந்து விரலை நசுக்கும்.

விதிவிலக்கு ஒன்றை மறைக்கக் கூடாது. மண் சாந்தில் அடுக்கிய கல்வீடு அல்லது பலவீனமான ஓட்டுவீட்டின் தரைத்தளத்தில், கதவுக்கு நாலு எட்டில் இருக்கிறீர்கள், எதிரே திறந்த வெளி என்றால் முதல் நொடியிலேயே வெளியேறுவதுதான் சரி. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர் பக்கம் கில்லாரியில் வந்தது 6.2தான். ஆனாலும் கனத்த கல்சுவர்கள் உறங்கியவர்கள் மேல் சரிந்து சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்த மாதிரிச் சுவருக்குள் மேசை உதவாது. அதே சமயம் வெளியே என்பது தானாகவே பாதுகாப்பும் ஆகிவிடாது. 2001 குடியரசு தினத்தன்று குஜராத்தின் அஞ்சாரில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலமாகக் குறுகிய சந்து ஒன்றில் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கக் கட்டடங்களும் அவர்கள் மேல் விழுந்தன. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 200 பேர். அவர்கள் கட்டடத்துக்குள் இல்லை, தெருவில் இருந்தார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டிய பத்தடிதான் கைப்பிடிச் சுவரும் கண்ணாடியும் விளம்பரப் பலகையும் வந்து விழும் இடம். வெளியே நிற்பதானால் கட்டடத்தின் உயரத்துக்காவது தள்ளி நில்லுங்கள்.

மாடியில் இருப்பவர் எதிர்பார்க்க வேண்டிய இன்னொன்று: உயரமான கட்டடம் நீண்ட நேரம், மெதுவாக, அகலமாக ஆடும். கப்பலில் இருப்பதுபோல இருக்கும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9 அளவில் நடந்த நிலநடுக்கத்தில், ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தள்ளி ஒசாகாவில் இருந்த 55 மாடிக் கட்டடம் ஒன்று பத்து நிமிடம் ஆடியது; உச்சி ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் போய் வந்தது. அது விழவில்லை. ஆடுவது கட்டடத்தின் தோல்வி ஆகாது. நாணல்போல வளைந்து சக்தியைச் செரிக்கத்தான் அதை அப்படிக் கட்டுகிறார்கள். எனக்குப் பயம் தருவது வேறு: தரைத்தளத்தில் கார் நிறுத்தச் சுவர்களே இல்லாமல் வெறும் தூண்களை விட்டு, மேலே கனமான வீடுகளை ஏற்றிய அடுக்குமாடி. 2001இல் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அப்படிப்பட்ட பல கட்டடங்கள் கால் முறிந்ததுபோல உட்கார்ந்தன. உங்கள் கட்டடம் அந்த வகையா என்பதை இன்றே கீழே இறங்கிப் பாருங்கள். ஆடும்போது அதற்கு எதுவும் செய்ய முடியாது. ஆடாதபோது தூண்களைப் பலப்படுத்த வழிகள் இருக்கின்றன.

சரி, நின்றுவிட்டது.

நின்றதும் வருவது ஓர் அமைதி. அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. காத்மாண்டில் அது இரண்டு மூன்று நொடிதான் நீடித்திருக்கும். மின்விசிறி நின்றிருந்தது, வண்டிகள் நின்றிருந்தன, ஜன்னலுக்கு வெளியே செங்கல் நிறத்தில் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டதுபோலக் கூச்சல் கிளம்பியது. உடல் தானாக நடுங்கும்; கால் ஆடுகிறதா தரை ஆடுகிறதா என்று தெரியாது. உடனே எழுந்து ஓடாதீர்கள். இன்னும் முப்பது எண்ணுங்கள். உதிர வேண்டியது உதிரட்டும்.

பிறகு காலைப் பாருங்கள். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் இரவில் நடந்த நிலநடுக்கங்களில் பலருக்கும் முதல் காயம், ஆட்டம் நின்ற பிறகு வெறுங்காலோடு உடைந்த கண்ணாடி மேல் நடந்ததால் வந்ததுதான். கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி செருப்பும் டார்ச்சும் ஒரு விசிலும் இருந்தால், விலை உயர்ந்த அவசரப் பை எதுவும் அதற்கு ஈடாகாது. அடுத்து அடுப்பு. காஸ் வால்வை மூடுங்கள், மின்சார மெயினை அணையுங்கள். காஸ் வாடை அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறுங்கள். 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ வட்டாரத்தில் நிலநடுக்கம் வந்தது நண்பகலுக்கு இரண்டு நிமிடம் முன்பு, அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த நேரம். இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைக் கொன்றது தீ. 1995 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானின் கோபே நகரத்தில் மின்சாரம் திரும்ப வந்தபோது, கவிழ்ந்து கிடந்த ஹீட்டர்களும் அறுந்த கம்பிகளும் புதிய தீயை மூட்டின. மெயினை அணைப்பது அந்த நேரத்துக்கு மட்டுமான வேலை இல்லை என்பதை அது காட்டியது.

இப்போது இறங்கலாம், படிக்கட்டு வழியாக, சுவரைப் பார்த்துக்கொண்டே. பூச்சில் மயிரிழை விரிசல், சுவருக்கும் உத்திரத்துக்கும் இடையில் கோடு: இவை பெரும்பாலும் கண்ணைப் பயமுறுத்தும் விஷயங்கள். தூணில் சாய்வாக ஓடும் விரிசல், கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிவது, கம்பி வெளிப்புறம் பிதுங்கியிருப்பது, கதவுகள் திடீரென்று மூட மறுப்பது: இவற்றில் எதைக் கண்டாலும் வெளியேறிய பிறகு திரும்பி உள்ளே போகாதீர்கள். பாஸ்போர்ட்டுக்காகவும் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பூனைக்காகவும் போகாதீர்கள். இதைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன், மீண்டும் சொல்கிறேன்.

நீங்கள் கடற்கரைப் பகுதியில் இருந்தால் மேலே சொன்ன வரிசையை மறந்துவிடுங்கள். ஆட்டம் இருபது நொடிக்கு மேல் நீடித்தது என்று உங்கள் எண்ணிக்கை சொன்னால், சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு நடங்கள். 2004இல் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவுகளில் ஒன்று சிமெலு. அதன் மக்கள் 70,000க்கும் மேல். இறந்தவர்கள் ஏழு பேர். 1907இல் வந்த ஆழிப்பேரலையைப் பற்றிப் பாட்டிகள் சொல்லிவந்த கதை ஒன்று அங்கே இருந்தது: நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்மோங்'. எச்சரிக்கைக் கருவி எதுவும் அங்கே இருக்கவில்லை, கதைதான் இருந்தது.

கீழே இறங்கியதும் தலைகளை எண்ணுங்கள். எந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் வெளியே வரவில்லை. மீட்புப் படையால் இதைச் செய்ய முடியாது. அவர்களுக்கு உங்கள் மூன்றாம் மாடித் தாத்தா எந்த அறையில் உறங்குவார் என்பது தெரியாது. கோபேயில் இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோரை எடுத்தது குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாரும்தான். கடப்பாரையும் கார் ஜாக்கியும் வெறுங்கையும்தான் கருவிகள். தொலைக்காட்சியில் மோப்ப நாயும் ஆரஞ்சுச் சட்டையும் வருவதற்குள் பெரும்பாலான உயிர்களின் கணக்கு முடிந்துவிடுகிறது. முதல் சில மணி நேரம் தெருவுக்குச் சொந்தம்.

அந்த வேலையில் மிகக் கடினமானது சும்மா இருப்பது. 2017 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில், 1985இல் அதே தேதியில் நடந்த பேரழிவின் நினைவாக ஒத்திகை நடத்தி முடித்த இரண்டு மணி நேரத்தில் உண்மையான நிலநடுக்கம் வந்தது. அங்கே இடிபாட்டின் மேல் யாராவது முஷ்டியை உயர்த்தினால் தெருவே வாயை மூடும். ஜெனரேட்டர் நிற்கும், அழுகையும் நிற்கும். அடியில் இருந்து வரும் ஒரு தட்டலைக் கேட்பதற்காக. நீங்கள் அடியில் மாட்டிக்கொண்டவராக இருந்தால், குரலைச் செலவழிக்காதீர்கள். கத்தினால் புழுதிதான் உள்ளே போகும். துணியால் வாயை மூடிக்கொண்டு குழாயிலோ கம்பியிலோ மும்மூன்று தடவையாகத் தட்டுங்கள், வெளியே சத்தம் அடங்கும்போது தட்டுங்கள். தீக்குச்சி வேண்டாம்.

வெளியே இருந்து எடுப்பவர்களுக்கு ஒரு மருத்துவ எச்சரிக்கை. ஒருவர் தொடையின் மேல் உத்திரம் விழுந்து சிறிது நேரமே ஆகிறது என்றால் தயங்காமல் விடுவியுங்கள். பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவர் என்றால் கதை வேறு. சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் வேறு கழிவுகளும், பாரத்தைத் தூக்கிய நொடியில் இரத்தத்துக்குள் பாய்கின்றன. அதுவரை பேசிக்கொண்டிருந்தவரின் இதயம் நிற்கலாம், தப்பினால் சிறுநீரகம் செயலிழக்கலாம். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் மீட்கப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். மருத்துவ உதவி எட்டக்கூடிய தூரத்தில் இருந்தால், பாரத்தை எடுப்பதற்கு முன்பே இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்குவார்கள். அவர்கள் "பொறு" என்றால் பொறுங்கள்.

தொலைபேசி அழைப்பு போகாது. போகவில்லை என்று நூறு முறை அழுத்தினால் பேட்டரிதான் போகும். ஒரே ஒரு குறுஞ்செய்தி: உயிரோடு இருக்கிறேன், இன்ன இடத்தில் இருக்கிறேன். வரிசையில் நின்றாவது அது போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்குள் பின்னதிர்வுகள் தொடங்கியிருக்கும். இங்கேதான் நல்ல மனிதர்களும் தவறு செய்கிறார்கள். பின்னதிர்வுகளின் எண்ணிக்கை நாளாக நாளாகக் குறையும் என்பதை 1894இலேயே ஜப்பானிய அறிவியலாளர் ஓமோரி கண்டறிந்துவிட்டார். தோராயமாக, பத்தாம் நாளில் முதல் நாளின் பத்தில் ஒரு பங்கு. ஆனால் குறைவது எண்ணிக்கைதான். அடுத்து வருவது சிறியதாகத்தான் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2010 செப்டம்பரில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே 7.1 வந்தபோது இடிபாட்டில் யாரும் சாகவில்லை. ஐந்து மாதம் கழித்து, அளவில் சிறியதாக, ஆனால் நகரத்துக்கு மிக நெருக்கமாக வந்த ஒன்று 185 பேரைக் கொன்றது. துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அதிகாலை 7.8, அன்றே, ஒன்பது மணி நேரம் கழித்து 7.5. என் மே 12ஆம் தேதியும் இந்த வகைதான். பதினேழு நாள் ஆகிவிட்டது, இனிமேல் என்ன என்று வீடு திரும்பியவர்களையும் என்னையும் சேர்த்துப் பிடித்தது. முதல் அடியில் வலுவிழந்த தூணுக்கு இரண்டாவது அடி பெரியதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கூடவே வதந்தி கிளம்பும். "இன்று இரவு எட்டு மணிக்கு இதைவிடப் பெரியது வருகிறது, விண்வெளி ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது" என்பது வழக்கமான வடிவம். நாள், நேரம், இடம், அளவு நான்கையும் முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்றுவரை யாரிடமும் இல்லை. ஜப்பானின் எச்சரிக்கை முறை செய்வது வேறு வேலை: முதன்மை அலையைக் கருவி பிடித்ததும், இரண்டாம் அலை வந்து சேருவதற்குள் செய்தியை அனுப்பிவிடுகிறது. கிடைப்பது சில நொடிகள், அதிர்ஷ்டம் இருந்தால் சில பத்து நொடிகள். ரயிலை மெதுவாக்கவும் மேசைக்கடியில் நுழையவும் அது போதும். மையத்துக்கு மேலேயே இருப்பவருக்கு அதுவும் கிடைக்காது.

முதல் இரவு திறந்த வெளியில்தான் கழியும். உறக்கம் வராது, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு வாரக்கணக்கில் இன்னொன்று தொடரும்: ஆடாதபோதும் ஆடுவதுபோலத் தோன்றும். உள்காதின் சமநிலை உறுப்பு ஏமாற்றப்பட்டுக் கிடப்பதால் வரும் இதை ஜப்பானியர்கள் 'நிலநடுக்க மயக்கம்' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். காத்மாண்டில் நான் தங்கியிருந்த இடத்தில் ஒவ்வொரு மேசையிலும் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டில் ஒன்று நின்றது. குடிக்க இல்லை. யாராவது "ஆடுகிறதா?" என்றதும் எல்லார் கண்ணும் அதன் மேல் போகும். தண்ணீர் அசையாமல் இருந்தால் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஊர் திரும்பிய பிறகும் மூன்று மாதம் என் மேசையில் அப்படி ஒரு பாட்டில் இருந்தது.